மோவாய் அழகு அறுவைச் சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோவாயை எடுப்பாக்கிக்கொள்ள விரும்பி மருத்துவரிடம் செல்வோரில் பலர், எந்தப் பொருளை வைப்பது, எவ்வளவு செலவாகும் என்ற கேள்விகளிலிருந்தே தொடங்குகிறார்கள். முதல் தவறு அதுதான். கீழ்த்தாடை முழுவதுமே பின்தங்கியிருக்கிறதா, தாடை சரியாக இருந்து அதன் முனை மட்டும் சிறுத்திருக்கிறதா, கழுத்துக் கொழுப்பு மோவாயின் விளிம்பை மறைக்கிறதா என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறும். பின்பற்களை இயல்பாகக் கடித்தபடி கண்ணாடியில் பாருங்கள். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை விட்டு வெகுவாக முன்னே நின்றால், தாடை அமைப்பிலேயே குறை இருக்கக்கூடும். அந்த நிலையில் மோவாயில் இம்ப்ளான்ட் எனும் செயற்கைப் பொருளை வைத்தால் பக்கத்தோற்றம் ஓரளவு திருந்தும், கடிப்பு திருந்தாது. பல் சீரமைப்பும் தாடை அறுவையும் சேர்ந்த சிகிச்சை தேவைப்படலாம். பலத்த குறட்டையும் உறக்கத்தில் மூச்சு தடைபடுவதும் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது மிக முக்கியமான செய்தி.

செல்பியைப் பார்த்து முடிவெடுப்பதும் தவறு. கையெட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் மோவாய் சிறிதாகவும் விழும். பக்கவாட்டு எக்ஸ்ரேயான செபலோகிராம்தான் எலும்பின் உண்மை நிலையைக் காட்டும். குமரி மாவட்டத்தவர் நாகர்கோவிலில் ஒரு பல் சீரமைப்பு மருத்துவரிடம் இந்தப் பரிசோதனையை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. பெண் பார்க்க வந்தவர்கள் ‘நாடி (மோவாய்) கொஞ்சம் உள்ளே போயிருக்கு’ என்று சொன்ன ஒரு சொல்லுக்காக, குறையே இல்லாத முகத்தைக் கத்திக்குக் கொடுக்கத் துணிவது வேதனையானது. தாடை வளர்ச்சி முடியாத பதின்வயதினருக்கு இதில் அவசரமே கூடாது.

மோவாயை நிரப்பிக் காட்டப் போடும் ஊசிமருந்தான ஃபில்லரை ‘ஊசிதானே’ என்று எளிதாக நினைத்துவிடக் கூடாது. ஹயலூரானிக் அமில ஃபில்லர் நிரந்தரமன்று. மாதங்கள் செல்லச் செல்லக் கரையும். ஆனால் அது இரத்தக்குழாய்க்குள் சென்று அடைத்தால் தோல் அழுகலாம், மிக அரிதாகப் பார்வையும் போகலாம். எனவே அதைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் மருந்தை வைத்திருக்கும், பயன்படுத்தத் தெரிந்த மருத்துவரிடம் மட்டுமே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அழகு நிலையங்களில் ஒருபோதும் கூடாது.

இம்ப்ளான்ட்டும், மோவாய் எலும்பையே அறுத்து நகர்த்தும் ஜீனியோபிளாஸ்டியும் ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணுவது இன்னொரு குழப்பம். சிலிக்கான் இம்ப்ளான்ட்டை வைப்பதும் எடுப்பதும் எளிது என்றாலும், அது இடம் நகரலாம், அடியிலுள்ள எலும்பு சற்றே தேயலாம். நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீனில் திசு ஊடுருவி வளர்வதால் பின்னர் அகற்றுவது கடினம். இரண்டுமே மோவாயை முன்னே காட்டுமே தவிர, நீண்ட மோவாயைக் குறைக்காது. ஜீனியோபிளாஸ்டியில் கீழுதட்டின் உட்புறம் திறந்து, பல் வேர்களுக்குக் கீழே எலும்பை அறுத்து நகர்த்தி, டைட்டானியம் தகட்டாலும் திருகாலும் பொருத்துவார்கள்; அதனால் உயரத்தையும் ஒருபக்கச் சாய்வையும்கூடச் சரிசெய்யலாம். கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு இந்த இடத்துக்கு அருகிலேயே வெளிவருவதால் அறுவைக்குப் பின் உதட்டில் மரமரப்பு இருக்கும். பெரும்பாலோருக்கு மாதங்களில் உணர்ச்சி திரும்பும். சிலருக்கு ஓரளவு நிலைத்துவிடும். இதைக் கேட்டறியாமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடக் கூடாது.

மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது முக-தாடை அறுவையில் எம்.டி.எஸ். பட்டம் பெற்றவரா என்று பார்த்து, அந்தந்த மாநில மருத்துவ அல்லது பல் மருத்துவ கவுன்சிலில் அவருடைய பதிவையும் உறுதிசெய்ய வேண்டும். குமரி மாவட்டத்தவர் பலர் திருவனந்தபுரத்துக்குச் செல்வதால், அங்கே கேரளப் பதிவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஊர் திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு, வைத்த பொருளின் பெயரும் அளவும் எழுதிய அட்டையையும் கேட்டு வாங்குங்கள்; நள்ளிரவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால், அங்கிருக்கும் மருத்துவருக்கு அதுதான் கைகொடுக்கும்.

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருபவர்கள் கடைசி வாரத்தில் அறுவையை வைத்துக்கொள்வதும், கல்யாண நாளுக்கு ஒட்டித் தேதி குறிப்பதும் ஆபத்து. பெரும்பகுதி வீக்கம் வாரங்களில் வடியும், இறுதி வடிவம் தெரிய மாதங்கள் ஆகும். முதல் நாட்களில் ஆறிய கஞ்சியே போதும். காரமான மீன்கறி காத்திருக்கலாம். புகைப்பிடித்தல் புண் ஆறுவதைக் கெடுக்கும் என்பதால் அறுவைக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே நிறுத்த வேண்டும். வடிந்துகொண்டிருந்த வீக்கம் ஒரு பக்கம் மட்டும் மீண்டும் கூடினாலோ, சீழோ காய்ச்சலோ கண்டாலோ, மெடிக்கல் ஸ்டோரில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காமல் அன்றே அறுவை செய்த மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். தொற்று பிடித்த இம்ப்ளான்ட்டைப் பல நேரங்களில் வெளியே எடுத்தால்தான் புண் ஆறும்.