வரையாட்டின் கொம்பு எங்கே ஒடிகிறது? ஸ்க்ரோல் சா வேலைகளைப் பகிர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரப்பலகையில் நுணுக்கமான உருவங்களை அறுக்கும் எந்திரமான ஸ்க்ரோல் சாவை வாங்கிய எவரும் கொஞ்ச நாளில் ஒரு கூட்டாளியைத் தேடத் தொடங்கிவிடுவார். மேலும் கீழும் துடிக்கும் அந்த மெல்லிய பிளேடால் ஒரு மயிலையோ வேலாயுதத்தையோ அறுத்து எடுத்து வீட்டாரிடம் காட்டினால், "நன்றாக இருக்கிறது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்த பிளேடு, உள்ளே எத்தனை துளை, பின்பக்கம் பிசிறு வந்ததா என்றெல்லாம் கேட்பதற்கு அதே பித்துப் பிடித்த இன்னொருவர் வேண்டும். நீலகிரியில் இப்படிப்பட்டவர்கள் சிதறிக் கிடக்கிறார்கள்: கோத்தகிரியில் ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் எழுத்தர், அரவங்காட்டில் தொழிற்சாலை வேலையை முடித்துக்கொண்டு வந்தவர். சந்திக்கும்போது செய்ததைக் காட்டுகிறார்கள், வரைபடங்களை மாற்றிக்கொள்கிறார்கள். தவறுகளும் அங்கேதான் நடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே: பகிர்வதைக் கண்காட்சி வைப்பதாக நினைத்துக்கொள்வது. பார்த்தவர் வீடு திரும்பி அதையே அறுக்க முடிய வேண்டும். அதற்கு உதவாத பெருமை சக கைவினைஞருக்கு எதற்கு?

ஒடிந்த இடத்தை மறைப்பது

இதைத்தான் முதல் தவறாக வைப்பேன். நீலகிரியில் ஸ்க்ரோல் சா வைத்திருப்பவர் என்றாவது ஒருநாள் வரையாட்டை அறுத்தே தீருவார். மாநில விலங்கு, அழகான உருவம், பாறைமேல் நிற்கும் கம்பீரம். ஆனால் பின்னோக்கி வளையும் அந்தக் கொம்பு இருக்கிறதே, அது மரவேலைக்காரரின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே படைக்கப்பட்டது. மரம் தன் ரேகையின், அதாவது இழைகள் ஓடும் திசையின், நீளவாக்கில் வலிமையானது, குறுக்குவாக்கில் எளிதில் பிளக்கும். கொம்பு வளையும்போது ஏதாவது ஓரிடத்தில் ரேகை அதைக் குறுக்காக வெட்டிச் செல்லும். அந்த இடம் 3 மில்லிமீட்டர் அகலம்தான் என்றால், உப்புத்தாள் தேய்க்கும்போதே கையோடு வந்துவிடும்.

ஒடிவது தவறில்லை, அது மரத்தின் இயல்பு. ஒடிந்ததை உடனடிப் பசையாலும் மரத்தூளாலும் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசி, எதுவும் நடக்காததுபோல் வரைபடத்தை மட்டும் நண்பருக்குக் கொடுப்பதுதான் தவறு. அவர் அதே படத்தை, அதே திசையில், அதே சில்வர் ஓக் பலகையில் ஒட்டி அறுப்பார். அதே இடத்தில் ஒடியும். தன் கைதான் சரியில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். புதிதாகத் தொடங்கியவர் என்றால் எந்திரத்தை மூடிவைத்துவிட்டுப் போய்விடவும் கூடும்.

சொல்ல வேண்டியது சிறிதுதான். "கொம்பின் நடுவில் ஒடிந்தது, படத்தைச் சாய்த்து, கொம்பின் நீளவாக்கில் ரேகை ஓடும்படி ஒட்டியபோது நின்றது." இல்லையென்றால், "திடமரத்தில் செய்யாதீர்கள், பிளைவுட்டில் செய்யுங்கள். அடுக்குகளின் ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால் தாங்கும்." கொம்பின் நுனியை முதுகோடு ஒரு சிறு பாலத்தால் இணைத்து வரைவதும் ஒரு வழி. சுத்தமான உருவம் கெட்டுவிடும் என்று சிலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பேருந்தில் எடுத்துக்கொண்டு போக வேண்டிய பொருள் என்றால் நான் பாலத்தின் பக்கம்தான்.

அளவில்லாத வரைபடம்

வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது எளிது. ஆனால் பல பிரிண்டர்கள் தாளுக்குள் பொருத்துகிறோம் என்று சொல்லிப் படத்தைச் சில விழுக்காடு சுருக்கிவிடும். தொங்கவிடும் மயிலுக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும் பெட்டிக்கோ, மொபைல் தாங்கிக்கோ அதுவே போதும், வேலை கெட்டுவிடும். 6 மில்லிமீட்டர் பிளைவுட் நுழைய வேண்டிய பள்ளம் 96 விழுக்காட்டில் 5.76 ஆகிவிடுகிறது. சுத்தியலால் தட்டினால் பலகை பிளக்கும். இதற்கு மேல், கடையில் 6 என்று விற்கிற பலகையே சரியாக 6 இருப்பதில்லை. அமெரிக்க வரைபடங்களில் வரும் கால் அங்குலமோ 6.35 மில்லிமீட்டர். இந்த மூன்றும் ஒரே வேலையில் சேர்ந்துகொண்டால் எந்தப் பகுதியும் எதிலும் பொருந்தாது.

தாளின் ஓரத்தில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து, "இது 10 செ.மீ. இருக்க வேண்டும்" என்று எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. வாங்குபவர் ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொள்வார். மீதிப் பாதிக்கு, எந்தத் தடிமனில் செய்தீர்கள் என்பதை அளந்து எழுதுங்கள். கடைக்காரர் சொன்ன எண்ணை எழுதாதீர்கள்.

எந்திர வேறுபாட்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சில எந்திரங்களில் பிளேடின் இரு முனையிலும் குறுக்கே ஒரு சிறு ஊசி இருக்கும், அதைக் கொக்கியில் மாட்ட வேண்டும். மற்றவற்றில் வெறும் முனையைத் திருகி இறுக்க வேண்டும். ஊசி வைத்த பிளேடை உள்துளை வழியாக நுழைக்கச் சுமார் 5 மில்லிமீட்டர் துளையாவது தேவைப்படும். ஊசி இல்லாத 2-ஆம் எண் பிளேடுக்கு ஒரு மில்லிமீட்டரே தாராளம். உங்கள் படத்தில் குறிஞ்சிப் பூவின் இதழ்களுக்கு நடுவே நெல்மணி அளவு இடைவெளிகள் இருந்தால், ஊசி பிளேடு எந்திரம் வைத்திருப்பவருக்கு அது உதவவே உதவாது. கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பிளேடின் எண்ணையும் சொல்ல வேண்டும். எண் கூடினால் பிளேடு தடிக்கும். 2-இல் அறுத்த வளைவை 9-இல் திருப்ப முடியாது.

இன்னொன்று, "நாலே மணி நேரத்தில் முடித்துவிட்டேன்" என்று நேரத்தைச் சொல்வது. என் பார்வையில் இது பயனற்ற தகவல், கேட்பவரைச் சோர்வடையவும் செய்யும். உள்துளைகள் எத்தனை என்று சொல்லுங்கள். ஒவ்வொரு துளைக்கும் பிளேடைக் கழற்றி, நுழைத்து, மீண்டும் இறுக்க வேண்டும். 12 துளை உள்ள படமா, 120 துளை உள்ள படமா என்று தெரிந்தால் எவரும் தன் வேகத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்வார்.

மலையில் செய்ததைச் சமவெளிக்குக் கொடுப்பது

குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். மழை மாதங்களில் பூட்ஸுக்குள்ளேயே பூஞ்சை பூக்கும் ஊர்கள் இவை. மரமும் அந்த ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கும். அப்படிப்பட்ட நாளில் திடமரத்தில் ஒரு யானைப் புதிரை அறுத்து, துண்டுகள் கச்சிதமாகப் பொருந்துகின்றன என்று மகிழ்ந்து, கோயம்புத்தூர் நண்பருக்குக் கொடுத்தால், அங்கே வெயிலில் அது சுருங்கித் துண்டுகள் கலகலத்துப் போகும். மார்ச் வெயிலில் அறுத்த புதிரோ ஜூலைச் சாரலில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பிரிய மறுக்கும்.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை, அகலவாக்கில்தான் சுருங்குகிறது. அதிலும் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. அதனால்தான் பலகை சமமாகச் சுருங்காமல் குழிந்து வளைகிறது. தைலமரத்தில் இந்தக் குணம் அதிகம், பிளவும் கூடவே வரும். புதிதாக அறுத்த தைலமரப் பலகையில் நுணுக்க வேலை செய்துவிட்டு யாரையும் குறை சொல்லக்கூடாது. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் இதைவிடச் சாது. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், அதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். பகிரும்போது "எந்த மாதம் செய்தது, பலகை வீட்டுக்குள் எத்தனை நாள் கிடந்தது" என்ற இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டும் பழக்கம் வந்தால் எவ்வளவோ மனத்தாங்கல் குறையும்.

மரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஈட்டி மரத்தில் (ரோஸ்வுட்) ஒரு சிறு பதக்கம் செய்து காட்டினால் எல்லாக் கண்களும் அதன்மேல்தான் இருக்கும். அடுத்த கேள்வி, "எங்கே கிடைத்தது, எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா?" தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1955-இலேயே வந்துவிட்டது. ஈட்டிக்கென்று 1994-இல் தனிச் சட்டமும் போட்டார்கள். ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் இருக்கிறது. பழைய கட்டிலின் காலிலிருந்து எடுத்த துண்டு என்றால் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் புன்னகைத்தால், கேட்டவர் காட்டுப்பக்கம் ஆள் தேடப் போவார்.

யாருடைய வடிவம்?

வலையிலோ பத்திரிகையிலோ கிடைத்த வரைபடத்தை அறுத்துவிட்டு, "நானே வரைந்தது" என்பவர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். அறுத்தது உங்கள் கை, வரைந்தது வேறொருவர். இரண்டையும் தனித்தனியே சொன்னால் உங்கள் மதிப்பு குறையாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தின் உரிமை வரைந்தவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் இருக்கும். விலை கொடுத்து வாங்கிய வரைபடத்தை நாலு பேருக்கு நகலெடுத்துக் கொடுப்பது நட்பு என்று நமக்குத் தோன்றும், வரைந்து பிழைப்பவருக்கு அப்படித் தோன்றாது. யாரோ எடுத்த புகைப்படத்தை வைத்து முகம் அறுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இங்கே தனியாகச் சொல்ல வேண்டியது தோடர் பூவேலை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் இழைக்கும் அந்த வடிவங்களுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நேர்கோடுகளும் முக்கோணங்களுமாக இருப்பதால் பிளைவுட்டில் அறுக்க ஆசை வரும். வரட்டும். ஆனால் அதை "தோடர் கைவினை" என்று சொல்லிக் கொடுப்பதும் விற்பதும் வேறு விஷயம். அவர்களின் வடிவத்தைப் பார்த்து நான் மரத்தில் செய்தது என்று சொல்வதுதான் நேர்மை.

மலை ரயிலைச் செய்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ஏறும் ரயிலுக்கு முன்னால் இன்ஜினை வைத்து அறுத்த படங்களை நிறையப் பார்க்கிறேன். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதையில் இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறது. அந்த வரைபடம் கைமாறக் கைமாறப் பிழையும் பெருகிக்கொண்டே போகிறது.

படம் எடுப்பதும் கைமாற்றுவதும்

ஃபிளாஷ் போடாதீர்கள். துளைகளின் ஆழமே தெரியாமல் எல்லாம் தட்டையாகிவிடும். மூடுபனி நாளில் ஜன்னலோரம் பக்கவாட்டில் விழும் வெளிச்சம் போதும், இந்த ஊர் இலவசமாகத் தரும் வசதி அது. பின்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள். கீழ்ப்பக்கப் பிசிறைப் பார்த்தால்தான் தலைகீழ்ப் பல் (கீழ்முனையில் சில பற்கள் மேல்நோக்கி) உள்ள பிளேடு உங்களிடம் இருக்கிறதா, தேவையா என்று அடுத்தவர் யூகிக்க முடியும். அளவு தெரிய பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைக்கலாம், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர்.

நேரில் காட்டும்போது நுணுக்க வேலையை வெறும் கையில் கொடுக்காதீர்கள். வாங்குபவர் ஆர்வத்தில் நடுவில் பிடிப்பார். ஒரு தட்டைப் பலகைமேல் வைத்து நீட்டினால் அப்படியே வாங்கிக்கொள்வார். மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஊட்டிக்கு வருவதாக இருந்தால், இரு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே பருத்தித் துணி விரித்து, வேலையை வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். துளைகளுக்குள் காகிதத்தைத் திணிப்பவர்கள் உண்டு. எடுக்கும்போது காகிதத்தோடு இதழும் வந்துவிடும்.

கருத்துக் கேட்பதிலும் சொல்வதிலும் நமக்குப் பெரிய தயக்கம். "அண்ணா, சூப்பர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், இல்லையென்றால் கேட்காமலே பத்துக் குறை அடுக்குகிறோம். காட்டுபவரே "வெளிக்கோட்டில் ஓரம் செங்குத்தாக இல்லை, ஏன் என்று பாருங்கள்" என்று கேட்டால், மேசை பிளேடுக்குச் சரியாக 90 பாகையில் இருக்கிறதா, பிளேடு தளர்ந்திருக்கிறதா என்று பேச்சு உடனே வேலைக்கு வந்துவிடும்.

குழந்தைகளின் பொம்மையும் எண்ணெய்ப் பூச்சும்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மை என்றால், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கும் எந்தத் துண்டும் இருக்கக்கூடாது என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவுகோல். புதிரின் வரைபடத்தைச் சிறிதாக்கிக் கொடுப்பவர்கள் இதை மறந்தால் ஆபத்து. மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய எம்.டி.எஃப். பலகையில் செய்தது என்றால் அதையும் சொல்ல வேண்டும். அதன் பசையில் ஃபார்மால்டிஹைடு உண்டு, தூள் மிக நுண்ணியது. பொதுவாக மரத்தூளையே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. முகக்கவசம் இல்லாமல் அறுக்கும் படத்தைப் பெருமையாக அனுப்புவது, பார்ப்பவருக்கும் அதே பழக்கத்தைக் கொடுப்பதுதான்.

எண்ணெய்ப் பூச்சு மலைக்குளிரில் மெதுவாகத்தான் காயும். பச்சை ஆளிவிதை எண்ணெய்க்கு நாட்கள் அல்ல, வாரங்கள்கூட ஆகும். காய்வதற்குள் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தால் தலைப்புச் செய்தி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். விரலால் தொட்டு ஒட்டாமல் இருந்தாலும் இன்னும் சில நாள் காற்றாட வைத்துவிட்டுக் கொடுங்கள், வாங்குபவரிடமும் எந்த எண்ணெய் என்று சொல்லுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் பையோடு கொடுத்து அனுப்புவது வேண்டவே வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடும்; சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கக்கூடும். துணியை வெளியே விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூட வேண்டும்.