சப்பாத்தியை நிறுத்திய பிறகும் தட்டில் இருக்கும் கோதுமை

சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமடையும் நோய்) என்று உறுதியானவுடன் எல்லா வீடுகளிலும் சப்பாத்தி, பரோட்டா, பிரெட் நின்றுவிடுகின்றன. ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமைதான் என்பதும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். அவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. குளூட்டன் இல்லாத சமையலை எங்கள் வீட்டில் ஆண்டுக்கணக்காக நடத்திவருகிறேன். புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களின் குடும்பத்தார் என்னிடம் வரும்போது, அன்று நாங்கள் இடறிய அதே இடங்களில் அவர்களும் இடறுவதைப் பார்க்கிறேன். "நாங்கள் சோறு சாப்பிடுகிறவர்கள், எங்களுக்கு என்ன கஷ்டம்?" என்ற நிம்மதியில்தான் எல்லாம் தொடங்குகிறது.

பெருங்காயம்

ஒரு சிறுமி. வீட்டில் கோதுமை என்ற பேச்சே இல்லை. அவளுக்குத் தனிப் பாத்திரம், தனித் தோசைக்கல், விலை கூடிய தனி பிஸ்கட். அப்படியும் ரத்தத்தில், குளூட்டன் சாப்பிட்டால் இந்த நோயாளிகளுக்குக் கூடும் டி.டி.ஜி. எதிர்ப்பொருள் இறங்கவில்லை, எடையும் ஏறவில்லை. மறுபடி எண்டோஸ்கோப்பி செய்யலாமா என்ற யோசனை வரைக்கும் போய்விட்டது. பள்ளியில் யாரிடமோ வாங்கி ஒளித்துத் தின்கிறாள் என்று அவளைத் திட்டவும் செய்தார்கள். சமையலறை அலமாரியில் உள்ள டப்பாக்களை எல்லாம் எடுத்துவரச் சொன்னேன். பெருங்காய டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்தது: கோதுமை மாவு.

ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின்தான் பெருங்காயம். அதை அப்படியே சமையலில் போட முடியாத அளவுக்குக் காரமான வாடை. அதனால் மாவும் கருவேலம் பிசினும் சேர்த்துக் 'கூட்டுப் பெருங்காயம்' ஆக்கி விற்கிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சட்டம் அனுமதிப்பதுதான். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. தூளில்தான் கலப்பு, கட்டி சுத்தமானது என்று நம்பி மாறுகிறவர்கள் உண்டு. கடையில் கிடைக்கும் கட்டிப் பெருங்காயமும் பெரும்பாலும் கூட்டுதான்.

"ஒரு சிட்டிகைதானே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நால்வருக்கு வைக்கும் ஒரு கிலோ சாம்பாரில் ஒரு கிராம் தூள் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி கோதுமை மாவு, மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றால் 50 மில்லிகிராம் ஆகிறது. 'குளூட்டன் இல்லாதது' என்று அட்டையில் போட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அதாவது அந்தச் சாம்பார் வரம்பைப் போல இரண்டரை மடங்கு. ஒருவர் பங்குக்கு 12 மில்லிகிராம் வந்தால், காலை இட்லிச் சாம்பார், மதியச் சாம்பார், ரசம், இரவு நீர்மோர் என்று நான்கு வேளையில் 50 மில்லிகிராமைத் தொட்டுவிடும். நாளொன்றுக்கு அந்த அளவு குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் சிதைகின்றன என்று 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நோயாளியின் கையில் கொடுக்கும் உணவுப் பட்டியலில் பாஸ்தா கூடாது, பீட்சா கூடாது, பீர் கூடாது என்று வரிசையாக இருக்கிறது. நம் வீட்டில் தினமும் தாளிப்பில் விழும் பெருங்காயத்துக்கு அதில் ஒரு வரி இல்லை. மேல்நாட்டுத் தட்டைப் பார்த்து எழுதிய பட்டியலை நம் குழந்தைகளிடம் நீட்டுகிறார்கள். அதை நம்பிய வீட்டில் செய்யாத குற்றத்துக்கு ஒரு சிறுமி திட்டு வாங்குகிறாள்.

அரிசி மாவு சேர்த்த, குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பெருங்காயம் கிடைக்கிறது. அதை வாங்குங்கள், அல்லது பூண்டைத் தட்டிப் போடுங்கள். டப்பாவை மாற்றியதோடு நிறுத்திவிடாதீர்கள். கடையில் வாங்கிய சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அப்பளம், முறுக்கு எல்லாவற்றிலும் இதே கூட்டுப் பெருங்காயம் இருக்கலாம். சேர்மானப் பட்டியலில் வெறும் 'பெருங்காயம்' என்று மட்டும் போட்டிருந்தால் அதன் கீழே ஒவ்வாமை குறித்த வரியைப் படியுங்கள்.

மாவு மில்

கேழ்வரகிலும் கம்பிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால், அவருடைய மாவின் மிச்சம் உங்கள் தூக்குவாளியில்தான் விழும். முதல் ஒரு கிலோவைத் தள்ளிவிட்டால் போதும் என்பது வெறும் நம்பிக்கை. கழுவிக் காயவைத்து வீட்டு மிக்சியில் அரைத்துச் சலியுங்கள். நேரம் பிடிக்கும்தான், வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பச்சரிசி மாவுக்கும் வீட்டு மிளகாய்த்தூளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அட்டையில் ராகி

ராகி பிஸ்கட்டிலும் ராகி சேமியாவிலும் பல சமயம் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். முன்பக்கத்துப் படத்தை நம்பாதீர்கள். வீட்டில் திரித்த சத்துமாவு என்றால் திரித்தவரிடம் கேளுங்கள். கோதுமையும் பார்லியும் சேர்ப்பது வழக்கம்.

மால்ட் பானங்கள்

மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி. வேண்டாம்.

சோயா சாஸ்

பெரும்பாலும் கோதுமை சேர்த்தது. கோபி மஞ்சூரியனும் போயிற்று.

ஓட்ஸ்

குளூட்டன் இல்லை என்ற சான்று இல்லாத பாக்கெட்டைத் தொடாதீர்கள். சான்று இருந்தாலும் மருத்துவரைக் கேட்ட பிறகே.

"சாப்பிட்டேன், ஒன்றும் செய்யவில்லை"

வயிறு வலிக்கவில்லை என்பதால் குடல் தப்பித்தது என்று அர்த்தமில்லை. எந்த அறிகுறியும் இல்லாமலே உள்ளே சேதம் நடக்கும். மருத்துவர் சொன்ன தேதியில் டி.டி.ஜி. பரிசோதனையைச் செய்யுங்கள், 'நன்றாகத்தான் இருக்கிறான்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஓட்டல்

தோசை அரிசியும் உளுந்தும்தானே என்று உட்காருகிறார்கள். அந்தக் கல்லில் சற்று முன்பு ரவா தோசை வார்த்திருப்பார்கள், பூரி பொரித்த எண்ணெயில் வடையைப் போடுவார்கள், சாம்பாரில் என்ன பெருங்காயம் என்று பரிமாறுகிறவருக்குத் தெரியாது. சமையல்காரரிடமே பேச முடிகிற இடம் என்றால் பேசுங்கள். இல்லாவிட்டால், எங்கள் வீட்டார் பயணத்தில் செய்வதையே செய்யலாம்: பெருங்காயம் போடாமல் கிளறிய எலுமிச்சைச் சோறு கையோடு போகும், வழியில் வாழைப்பழமும் இளநீரும் வேகவைத்த முட்டையும் வாங்கிக்கொள்வோம்.