கீழ்ப்படிப் பிரீமியம் விமானங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு வோர் தண்டர் (War Thunder) என்னும் இணையப் போர் விளையாட்டில் இறங்கும் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சிலர், வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பாவின் கடனட்டையில், விளையாட்டின் கீழ்ப்படிகளில் (தொடக்க நிலைகளில்) உள்ள ஒரு பிரீமியம் விமானத்தை, அதாவது உண்மைப் பணம் கொடுத்துப் பெறும் விமானத்தை வாங்கிவிட்டு, அது தம்மை விரைவில் ஜெட் விமானங்கள் வரை கொண்டுபோய்விடும் என்று எதிர்பார்க்கிறார்கள். முதற் தவறு இதுதான். புதிய விமானங்களைத் திறக்க உதவும் ஆராய்ச்சிப் புள்ளிகளைப் பிரீமியம் விமானம் கூட்டித் தருவது உண்மையே. ஆனால் பறக்கும் விமானத்தின் படிக்கும் ஆராயப்படும் விமானத்தின் படிக்கும் இடைவெளி கூடக் கூட அப்புள்ளிகளின் பயன் வெட்டப்படுகிறது. கீழ்ப்படியில் கிடைக்கும் வெள்ளிச் சிங்கம் எனும் விளையாட்டு நாணயங்களும் சொற்பமானவை. ஆகவே அடுத்த ஓரிரு படிகளுக்கான துணையாக மட்டுமே இதனைக் கருத வேண்டும்.

விளையாட்டில் ஒவ்வொரு நாட்டின் விமானங்களும் ஒரு தனிக் கிளையாக உள்ளன; எந்த நாட்டுக் கிளையில் விமானம் இருக்கிறது என்பதையும் வாங்குமுன் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கிளையில் விற்கப்படும், கைப்பற்றப்பட்ட ஏ6எம்2 ஸீரோ இதற்கு நல்ல உதாரணம். அது ஜப்பானிய விமானமாயினும், அதில் ஈட்டும் புள்ளிகள் அமெரிக்க விமானங்களுக்கே செல்லும். ஜப்பானியக் கிளையை வளர்ப்பவருக்கு அதனால் பயனில்லை. அதன் உருவத்தைக் கண்டு சொந்த அணியினரே பதறிச் சுடுவதும் உண்டு.

அந்த ஸீரோவை ஓட்டும் விதத்திலேதான் பெரும்பாலானோர் பிழைவிடுகிறார்கள். 1942 ஜூனில் அலூசியன் தீவுகளின் அகுட்டானில் விழுந்த ஸீரோவை அமெரிக்கர் மீட்டுப் பழுதுபார்த்துப் பறந்து பார்த்தபோது, வேகம் கூடியதும் அதன் இறக்கைக் கட்டுப்பாடுகள் இறுகிப்போவதை அறிந்துகொண்டனர். விளையாட்டிலும் அவ்வாறே. அணியிலுள்ள அமெரிக்க விமானங்கள் உயரத்திலிருந்து பாய்ந்து அடிக்கின்றன என்பதற்காகத் தாமும் செங்குத்தாகப் பாய்ந்தால், இலக்கை நோக்கித் திரும்பவே முடியாது. வேகத்தைக் குறைத்து வளையமிடுவதே அதன் பலம். இரண்டு பீரங்கிகளுக்கும் தலா 60 தோட்டாக்களே இருப்பதால், இயந்திரத் துப்பாக்கிகளையும் பீரங்கிகளையும் விசைப்பலகையின் வெவ்வேறு விசைகளில் பிரித்து வைத்து, துப்பாக்கியால் குறி சரிபார்த்த பின்னரே பீரங்கியை இயக்குவது நல்லது. இதைச் செய்யாதவர்கள் முதல் எதிரியிலேயே பீரங்கியை வெறுமையாக்கிவிட்டு, எஞ்சிய நேரமெல்லாம் கொசுக்கடி போலச் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

எரிபொருள் தாங்கியை நிரப்பிக்கொண்டு புறப்படுவதும், உயரம் எடுக்காமல் நேரே களத்துக்கு ஓடுவதும் எல்லா விமானங்களுக்கும் பொதுவான தவறுகள். உயரத்தின் அருமைக்கு நம் தீவிலேயே சான்றுண்டு: 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பு தாக்கப்பட்டபோது, இரத்மலானையிலிருந்து எழும்பிய பிரித்தானிய ஹரிக்கேன் போர் விமானங்கள், மேலே காத்திருந்த ஜப்பானிய ஸீரோக்களிடம் ஏறும் நிலையிலேயே அகப்பட்டன. ஆதலால் முதல் சில நிமிடங்களைப் பக்கவாட்டில் ஒதுங்கி ஏறுவதற்கே செலவிடுங்கள்.

ஒரே போரில் பல விமானங்களை மாறி மாறி ஓட்டும் எளிய ஆர்கேட் முறையில், கீழ்ப்படிப் பிரீமியத்தை உயர்ந்த படி விமானங்களுடன் ஒரே போர் வரிசையில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். அது தனக்கு மிஞ்சிய எதிரிகளிடம் இழுத்துச் செல்லப்படும். வாங்கியதைத் திரும்ப விற்கவும் முடியாது. எனவே பணம் கொடுப்பதற்கு முன், அதே கிளையிலுள்ள ஒத்த இலவச விமானத்தைச் சில நாள்கள் ஓட்டிப் பாருங்கள். அவசரமில்லையெனில், நவம்பர் தொடக்கத்தில் வரும் விளையாட்டின் ஆண்டுவிழாத் தள்ளுபடிக்காகப் பொறுத்திருங்கள்.