வெள்ளிக் காசுக்கு விலை போடும்போது எங்கே ஏமாறுகிறோம்?

சேலத்தில் கொலுசு வாங்கப் போனால் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, "எத்தனை டச்?" என்றுதான். நூற்றில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதுதான் டச். அதே ஆட்கள் லட்சுமி படம் போட்ட வெள்ளிக் காசைக் கையில் எடுத்ததும் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறார்கள். ஆயிரத்தில் 999 பங்கு சுத்தம் என்று சொல்லும் 999 மேலேயே அடித்திருக்கிறதே, போதாதா என்ற நினைப்பு. போதாது. அந்த எண்ணை அடித்தது காசு செய்தவர்; அரசாங்கம் இல்லை. 80 டச் வெள்ளியில் செய்திருந்தால் 10 கிராம் காசில் 8 கிராம்தான் சுத்த வெள்ளி. தனியார் காசுக்கு, அரசு நாணயத்தில் பொறித்திருப்பதுபோல் ரூபாய், டாலர் என்ற முகமதிப்பும் கிடையாது. எடை, டச், அன்றைய வெள்ளி விலை, இந்த மூன்றும் சேர்ந்துதான் அதன் மதிப்பு.

என் சித்திக்கு அவர் மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு காசு கொண்டுவந்தான். உதிக்கும் சூரியனை நோக்கி ஒரு பெண் நடந்துபோகும் படம். அது அமெரிக்க அரசின் 'சில்வர் ஈகிள்', கூடுதல் விலை போகும் என்று சித்தி நம்பியிருந்தார். 1986 முதல் வரும் அந்த நாணயத்தில் 'ஒன் டாலர்' என்று பொறித்திருக்கும். சித்தியின் காசைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம், அந்த எழுத்து இல்லை. அதே படத்தைப் போட்டுத் தனியாரும் நிறைய அடிக்கிறார்கள். படத்தை வைத்து விலை போடக் கூடாது.

அது 1 அவுன்ஸ் காசு. அந்த அவுன்ஸ் கணக்கிலும் சித்தி தவறினார். செல்போனில் தேடி, 1 அவுன்ஸ் 28.35 கிராம் என்று எழுதி வைத்திருந்தார். அது மளிகைச் சாமானுக்கு. வெள்ளிக்கு டிராய் அவுன்ஸ், 31.1 கிராம். கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு காசுக்கு 275 ரூபாய் குறைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்.

சரி, உள்ளே இருப்பது வெள்ளிதானா? டச் பார்க்கும் மிஷின் மேல்பரப்பைத்தான் படிக்கும். கனமாக முலாம் பூசியிருந்தால் அதுவும் ஏமாறும். காந்தத்தில் ஒட்டவில்லை என்பதும் சாட்சி ஆகாது, செம்பும் ஒட்டாது. அதனால் தண்ணீரில் பார்த்தோம். சின்ன டிஜிட்டல் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யம் ஆக்கி, காசை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்க முக்கினோம். ஒட்டியிருந்த காற்றுக்குமிழியைத் தட்டி விட்டதும் தராசு 2.97 கிராம் காட்டியது. காசு விலக்கிய தண்ணீரின் எடை அது. 31.1 கிராம் சுத்த வெள்ளிக்கு 2.96 அளவில் வர வேண்டும். செம்பாக இருந்தால் 3.5 பக்கம் வந்திருக்கும். சித்தி முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. ஆனால் 92 டச்சா 95 டச்சா என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. அதற்கு உருக்கிப் பார்ப்பதுதான் நிச்சயம்.

கறுத்துப்போன காசைப் பல்பொடி போட்டுத் தேய்க்காதீர்கள். வெள்ளைக்காரன் காலத்து ராஜா தலை ரூபாய் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம். அது 11.66 கிராம், 91.6 சதவீத வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்தவற்றில் பாதிதான் வெள்ளி. சேகரிப்பவர்கள் தேய்த்த காசுக்கு விலை குறைப்பார்கள். அதே அச்சில் புதிதாக அடித்த போலிகளும் உண்டு, எடை போட்டுப் பாருங்கள்.

அப்புறம் பில். வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் 3 சதவீத ஜிஎஸ்டியும் விற்கும்போது திரும்பி வராது. பில் தொகையையே மதிப்பு என்று நினைத்து, சேலத்தின் வெள்ளிக் கடைகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கு விற்கப் போகிறவர்கள் மனம் நொந்து திரும்புகிறார்கள். காசு வாங்கும் அன்றே, "இதையே நான் கொண்டுவந்தால் கிராமுக்கு என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்டு, பதிலைப் பில்லின் பின்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.