டேட்டா எங்கே போகிறது? தேடும்போது செய்யும் தவறுகள்

தேதி 20 ஆகவில்லை, அதற்குள் அக்கா வீட்டில் 1,000 ஜிபி தீர்ந்து நெட் நத்தையாகிவிட்டது. மேல்மாடிப் பையன்தான் வைஃபையைத் திருடுகிறான் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். நான் போனபோது அவனோடு பேச்சுவார்த்தை நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது. அவன் பாவம். டேட்டாவைத் தின்றவை வாசலிலும் கொல்லையிலும் மாட்டியிருந்த இரண்டு கேமராக்கள்.

கணக்குப் போட்டால் புரியும். ஒரு கேமரா 24 மணி நேரமும் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் உள்ள சேமிப்பிடத்துக்கு, படம் அனுப்பினால் ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி. இரண்டு கேமரா, 20 நாள் என்றால் 860 ஜிபியைத் தாண்டும். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும்படி மாற்றி, மெமரி கார்டும் போட்டோம். அதோடு சரியானது.

ஆளைச் சந்தேகிக்கும் முன் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதை நான் கற்றது அங்கேதான். நெட் நிறுவனத்தின் செயலியில் பெரும்பாலும் தினசரிக் கணக்கு இருக்கும். அதில் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அப்லோடு எவ்வளவு, டவுன்லோடு எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். அப்லோடு எகிறியிருந்தால் கேமரா, போட்டோ பேக்கப், டோரன்ட் (பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும் முறை) இவற்றில் ஒன்றாக இருக்கலாம். டவுன்லோடு என்றால் முதலில் டிவியைப் பாருங்கள். 4கே தரத்தில் ஒரு மணி நேரப் படம் 7 ஜிபி வரை இழுக்கும்; யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தாலும் அதே கணக்குதான்.

அடுத்த தவறு, பதறிப்போய் பாஸ்வேர்டை மாற்றி அன்றைக்கே வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் புதியதைப் போட்டுவிடுவது. வெளியாள் இருந்தால் வெளியேறியிருப்பார், உண்மைதான். ஆனால் தின்பது வீட்டுக் கருவி என்றால் அதுவும் கூடவே திரும்ப வந்துவிடும். கரண்ட் பில் எகிறினால் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பார்ப்போமே, அதே முறைதான் இதற்கும். பாஸ்வேர்டை மாற்றுங்கள். முதல் நாள் போன்கள் மட்டும், மறுநாள் டிவி, அதற்கடுத்த நாள் கேமரா. எந்த நாளில் கணக்கு குதிக்கிறதோ அன்று சேர்த்த கருவிதான்.

ரவுட்டரோடு இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் தெரியாத பெயர் இருந்தாலும் உடனே பயப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்) மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. உங்கள் போனே அந்நியனைப் போலத் தெரியலாம். ஒவ்வொரு போனாக வைஃபையை அணைத்து, எந்தப் பெயர் மறைகிறது என்று பாருங்கள்.

சரி, உண்மையிலேயே வெளியாள் நுழைந்திருந்தால்? நம் ஊரில் அதற்குப் பெரிய வாசல், செல்போன் எண்ணையே பாஸ்வேர்டாக வைப்பது. இணைப்புக் கொடுக்க வருபவரே பல வீடுகளில் அப்படி வைத்துவிட்டுப் போகிறார். உங்கள் எண் தெருவுக்கே தெரியும். தெரியாதவருக்கும் இது கடினமில்லை. 6 முதல் 9 வரையிலான எண்ணில் தொடங்கும் பத்து இலக்கம் என்றால் மொத்தமே 400 கோடி வாய்ப்புகள். உங்கள் போன் ரவுட்டரோடு இணையும்போது போகும் சிக்னலைப் பக்கத்திலிருந்து பதிவு செய்துகொண்டால், நல்ல கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றே சில மணி நேரத்தில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். நீளம்தான் முக்கியம்.

பாஸ்வேர்டை மாற்றியவர்கள்கூட ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டைத் தொடுவதில்லை. இரண்டும் வேறு; இது ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழைவதற்கானது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாறாத கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. அதே செட்டிங்ஸ் பக்கத்தில் டபிள்யூபிஎஸ் (வைஃபை பாஸ்வேர்டு போடாமலே பொத்தானாலோ பின் எண்ணாலோ கருவியை இணைக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்கப் பின்னை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் உடைக்கலாம் என்று 2011இலேயே தெரிந்துவிட்டது. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். வைஃபை பெயரை மறைத்து வைப்பதெல்லாம் வீண் வேலை. தேடுபவருக்கு அது தெரியத்தான் செய்யும்.

'யாரோ கொஞ்சம் பயன்படுத்தினால் என்ன' என்று விடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2008 ஜூலையில் அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்தான்.

விருந்தாளிக்கும் மாடி வீட்டுக்கும் கொடுக்கத்தான் ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க், அதாவது தனி பாஸ்வேர்டு கொண்ட தனி வைஃபை, இருக்கிறது. அக்கா இப்போது அதன் பாஸ்வேர்டைத்தான் அந்தப் பையனுக்குக் கொடுத்திருக்கிறாள், அவனாகக் கேட்காமலே.