வளர்ற பிள்ளைக்கென்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள்: ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்கால ஒலிம்பிக் முடிந்த கையோடு மதுரையில் ஸ்கேட்டிங் வகுப்புகளுக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள். டிவியில் பார்த்த சுழற்சியும் தாவலும் கண்ணிலேயே நிற்கும். போட்டி அளவு ஐஸ் ரிங்க் இங்கே கிடையாது. சிமென்ட் தளத்தில், நாலு சக்கர குவாட் ஸ்கேட்டில்தான் தொடக்கம். அதில் குறையொன்றும் இல்லை. எட்ஜ் (உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்து ஓடுவது), த்ரீ டர்ன் (ஒற்றைக் காலில் திரும்புவது), சால்கோ, லுட்ஸ் என்ற தாவல்கள் எல்லாம் சக்கரத்திலும் உண்டு. 2010 குவாங்சௌ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் அனூப் குமார் யமா வாங்கிய வெண்கலம் சக்கரத்தில் வந்ததுதான். ஹெல்மெட், முழங்கால் பேடு பற்றி எல்லோருமே சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாமல் விட்டுப்போகிறவற்றை மட்டும் பார்ப்போம்.

ஒரு சைஸ் பெரிய பூட்

பள்ளிச் சீருடைக்கு உள்மடிப்பு விட்டுத் தைக்கிறோம். ஷூவைப் பெரிதாக எடுத்து நுனியில் பஞ்சு வைக்கிறோம். அங்கே அந்தச் சிக்கனம் சரி. ஸ்கேட்டிங் பூட்டுக்கும் அதே கணக்கைப் போட்டால் கொடுத்த காசு முழுக்க வீண். ஒவ்வொரு சேர்க்கையிலும் இதே தவறைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் கடைசியில் திட்டு வாங்குவது பிள்ளை.

பூட்டின் நீளத்துக்குத் தகுந்தபடிதான் சக்கர அச்சுகளைத் தாங்கும் அடித்தகடு பொருத்துவார்கள். பூட் நீண்டால் தகடும் நீளும். பெருவிரல் மூட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய முன் அச்சு விரல் நுனிப் பக்கம் தள்ளிப்போகும். ஐஸ் பிளேடிலும் இப்படித்தான். சுழலும்போது எடையைத் தாங்கும் இடம் முன்பாதத்துக்கு நேர் கீழே வர வேண்டும். பெரிய பூட்டில் அது முன்னால் நகர்ந்துவிடும். பிள்ளை அதை எட்டிப் பிடிக்க முன்னே சாயும், டோ ஸ்டாப் (பூட் நுனியில் உள்ள பிரேக் கட்டை) தரையில் உரசும், சுழற்சி இரண்டு சுற்றில் நின்றுபோகும். பத்து வயதுப் பெண் ஒருத்தி ஆறு மாதம் இதே இடத்தில் தடுமாறினாள். பேலன்ஸ் வரவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். பூட்டின் உள்அட்டையை உருவி அதன்மேல் நிற்க வைத்துப் பார்த்தால், விரலுக்கு முன்னால் இரண்டு சென்டிமீட்டர் காலியிடம். அதை அடைக்கத்தான் இரண்டு ஜோடி சாக்ஸ்!

இதைவிடக் கெடுதல் குதிகால் தூக்குவது. லுட்ஸ் தாவலில் பின்னோக்கி வெளி எட்ஜிலிருந்து எழ வேண்டும். பூட்டுக்குள் குதிகால் கொஞ்சம் ஆடினாலும் கணுக்கால் உள்பக்கம் சரிந்து, எழும் நொடியில் அது உள் எட்ஜாகிவிடும். சர்வதேச ஐஸ் போட்டியில் டிரிபிள் லுட்ஸின் (மூன்று சுற்றுத் தாவல்) அடிப்படை மதிப்பு 5.90. எட்ஜ் தப்பு என்று தொழில்நுட்பக் குழு குறித்தால் அது 4.72 ஆகும், நடுவர்களும் தரப் புள்ளியைக் குறைப்பார்கள். சுற்று அரைச்சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் டபுளாகவே (இரண்டு சுற்று) எண்ணி 2.10தான். பத்து வயதில் தளர்ந்த பூட்டில் படிந்த எட்ஜைப் பதினாறு வயதில் திருத்துவது பெரும்பாடு.

அளவெடுக்கும் முறை இது. சாயங்காலம் எடுங்கள், பாதம் அப்போது சற்று உப்பியிருக்கும். குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையோடு நிற்க வைத்து, இரண்டு காலையும் மில்லிமீட்டரில் அளந்து, நீண்டதைக் கணக்கில் கொள்ளுங்கள். உள்அட்டையில் விரலுக்கு முன்னால் 5 மி.மீ. போதும், 1 செ.மீ. தாண்டினால் வேண்டவே வேண்டாம். மெல்லிய சாக்ஸ், ஒரே ஜோடி. நாடா கட்டியபின் நிமிர்ந்து நின்றால் விரல் நுனி லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் பின்வாங்க வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது.

நாடா கட்டுவதிலும் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். விரல் பக்கம் தளர்வு, கணுக்கால் மடிப்பில்தான் நல்ல இறுக்கம், மேல் கொக்கிகளில் மறுபடி கொஞ்சம் தளர்வு. மேலே இறுக்கிக் கட்டினால் முழங்கால் முன்னே மடங்காது.

கால் வளரத்தான் செய்யும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்அட்டையை உருவிப் பாருங்கள். புதிது கட்டுப்படியாகாவிட்டால், அளவு சரியான பழைய பூட் வாங்கலாம். கணுக்கால் மடிப்பில் தோல் தொய்ந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். அளவு தப்பிய புதுப் பூட்டைவிட அது எவ்வளவோ மேல்.

தளம் பார்க்காமல் சக்கரம் மாற்றுவது

வழுக்கும் தளத்துக்கு மென்மையான சக்கரம், பிடிக்கும் தளத்துக்குக் கடினமானது. சித்திரை வெயில் ஏறினால் சக்கரத்தின் பாலியூரித்தேன் இளகித் தரையைப் பிடிக்கும், சுழற்சி வராது. காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு ஜோடிக்கு எட்டுச் சக்கரம், பதினாறு பேரிங். அச்சு 7 மி.மீட்டரா 8 மி.மீட்டரா என்று பார்த்தபின் பேரிங் கேளுங்கள்.

பிளேடைச் சாணைக்காரரிடம் கொடுப்பது

கூடவே கூடாது. ஐஸ் ஸ்கேட் பிளேடின் அடியில் நீளவாக்கில் ஒரு குழிவு உண்டு. உள், வெளி என்ற இரண்டு எட்ஜும் அதனால்தான் இருக்கின்றன. கத்தி தீட்டுவதுபோல் தீட்டினால் குழிவு போய்விடும்.

பிடித்த தாவலையே அடுக்குவது

1982 உலகப் போட்டியில் அமெரிக்காவின் எலைன் சயாக் செய்த ஆறு டிரிபிள்களில் நான்கு டோ லூப் என்ற ஒரே தாவல். பட்டமும் வென்றார். அதற்குப் பிறகுதான் கட்டுப்பாடு வந்தது. ஐஸ் விதிப்படி எந்த டபுளும் இரண்டு முறைக்கு மேல் செல்லாது. மூன்றாவதுக்குப் பூஜ்யம்.

பெயர் அழைத்தபின் தாமதிப்பது

30 விநாடிக்குள் தொடக்க நிலையில் நில்லுங்கள்.

மாற்று நாடா இல்லாமல் போவது

1994 லில்லேஹாமர் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டோனியா ஹார்டிங் நாடா தகராறில் பாதியில் நிறுத்தி, கண்ணீரோடு நடுவர்களிடம் காலைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது. மறுபடி ஆட அனுமதி கிடைத்தது, எட்டாவதாக வந்தார். பையில் இரண்டு ஜோடி வையுங்கள், அதே நீளத்தில். போட்டியன்று புதுநாடா கோக்க வேண்டாம். பயிற்சியில் இரண்டு மூன்று நாள் கட்டி இழுபட்ட நாடாதான் நடுவில் தளராது.