ஸ்கார்லெட் மில்க்வெட்ச் செடியை விதையிலிருந்து வளர்ப்பது

கிழக்கு கலிபோர்னியாவின் பாலைமலைகளிலும் தெற்கு நெவாடாவிலும் சரளைச் சரிவுகளில் தரையோடு ஒட்டி வளரும் பல்லாண்டுச் செடி இது. தாவரவியல் பெயர் அஸ்ட்ரகலஸ் காக்சினியஸ், அவரைக் குடும்பம். இலை முழுக்க வெண்ரோமம். பூ ஏறக்குறைய 4 செ.மீ. நீளம், பளீர் சிவப்பு. தேன் குடிக்க ஹம்மிங்பேர்டு வரும்.

வறட்சியில் இது சாவது குறைவு. நம் கையால் ஊற்றும் தண்ணீரில்தான் சாகும்.

விதையை நாட்டுச்செடி நர்சரிகளில் வாங்குங்கள். டெத் வேலி போன்ற தேசியப் பூங்காக்களில் விதை பறிப்பது சட்டவிரோதம். வந்த விதையில் குண்டூசித் துளை இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். வண்டு உள்ளே தின்று வெளியேறிய தடம் அது.

விதைத்தோல் நீர் புகாத அளவு கெட்டி. விதை காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்புறத்தில் நகவெட்டியால் துளி நறுக்குங்கள், அல்லது உப்புத்தாளில் தேயுங்கள். உள்ளே வெளிறிய பருப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். தழும்புப் பக்கம் நறுக்கினால் முளைக்குருத்து போய்விடும். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறட்டும். காலையில் உப்பியதை உடனே ஊன்றுங்கள். உப்பாததை மறுபடி தேய்த்து ஊறப்போடுங்கள்.

தொட்டியின் ஆழம் 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது, ஆணிவேர் வேகமாக இறங்கும். 3 பங்கு பொடிச் சரளை அல்லது பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்), 2 பங்கு பருமணல், 1 பங்கு தோட்ட மண். கம்போஸ்ட் வேண்டவே வேண்டாம், தழைச்சத்து உரமும் வேண்டாம்: வேர் முடிச்சுகளிலுள்ள பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தைச் சேர்த்துத் தரும். கொழுத்த மண்ணில் தண்டு இளகி அழுகும்.

தொட்டிக்கு ஒரு விதை, 5 மி.மீ. ஆழம், மேலே ஒரு விரற்கடை சரளை. இந்தச் சரளைதான் தண்டின் கழுத்தைக் காயவைக்கிறது. நாற்று தரைமட்டத்தில் கறுத்து, இழை போலச் சுருங்கிச் சாய்ந்தால் அது நாற்றழுகல், அந்தச் செடி பிழைக்காது. மற்ற தொட்டிகளுக்கு நீரைக் குறைத்துக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

நாலைந்து இலை விட்டதும், வேர் தொட்டியைச் சுற்றிக்கொள்வதற்குள், மண்கட்டி உடையாமல் நிலத்தில் நடுங்கள். ஆணிவேர் முறிந்தால் பெரும்பாலும் தேறாது. முழு வெயில், சரிவான மேடு. முதல் கோடையில் மண் நன்றாகக் காய்ந்த பிறகே, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஆழமாக ஊற்றுங்கள். இலைமேல் தெளிக்காதீர்கள், ரோமம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பூஞ்சை வரும். குளிர்கால மழை கூடுதலான ஊரில் செடிக்கு மேலே, பக்கங்கள் திறந்திருக்க, ஒரு கண்ணாடிப் பலகை தேவைப்படும். உறைபனியைவிட அந்த ஈரம்தான் இதற்கு ஆபத்து.

பூக்க இரண்டு, மூன்று வசந்தம் ஆகலாம். இந்தப் பேரினத்தில் சில செடிகள் குதிரை, மாடுகளுக்கு நஞ்சு. வீட்டில் கால்நடை இருந்தால், அவற்றுக்கு எட்டாதபடி வேலிக்கு அந்தப் பக்கம் நடுங்கள்.